ஒட்டின குடலைப் பிரித்துவிட்டால் மறுபடி ஒட்டாதா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். அம்மாவுக்கு 58 வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். போன வருஷத்திலிருந்து மூன்று தடவை குடல் அடைப்பு என்று அட்மிட் ஆகியிருக்கிறார். மூன்று தடவையும் மூக்கில் குழாய், ட்ரிப்ஸ், இரண்டு மூன்று நாளில் சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டார். இடைப்பட்ட நாட்களிலும் அடிவயிற்றில் ஒரு இழுவை வலி விடாமல் இருக்கிறது. ஒரு டாக்டர் "திறந்து ஒட்டுதலையெல்லாம் பிரித்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர் "கத்தி வைக்காமல் இருக்கிற வரைக்கும் நல்லது" என்கிறார். யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிரித்தால் திரும்ப ஒட்டாதா? முதல் ஆபரேஷனிலேயே கவனமாக இருந்திருந்தால் இது வந்திருக்காதோ? அடுத்த மாதம் உங்கள் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள் என்பதால் கடைசிக் கேள்வியை வெறும் ஆதங்கம் என்று தள்ளவும் முடியாது.

முப்பது வருஷம் பொது அறுவை சிகிச்சை செய்தவன் நான். இப்போது கத்தி எடுப்பதில்லை. அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், சி.டி. படத்தைப் பார்க்காமல் "செய்யுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டு டாக்டர்களும் மனதுக்குள் என்ன கணக்குப் போட்டுப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

வயிற்றின் உட்சுவரையும் குடலையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. ஈரமான வாழையிலை மாதிரி வழுவழுப்பாக இருக்கும். குடல் சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நாள் முழுக்க நகர்வது இதனால்தான். அந்தச் சவ்வின் மேலடுக்கு ஒரே ஒரு வரிசை செல்கள். காய்ந்த காஸ் துணி உரசினால் போதும், ஆபரேஷன் விளக்கின் கீழே கொஞ்ச நேரம் ஈரமில்லாமல் கிடந்தால் போதும், உரிந்துவிடும். உரிந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற பிசின் கசியும், பக்கத்தில் கிடப்பது அதில் ஒட்டும். இந்தப் பிசினைக் கரைக்கிற ஏற்பாட்டையும் உடம்பே வைத்திருக்கிறது. ஆனால் அடிபட்ட இடத்தில், ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில், சீழ் பிடித்த இடத்தில் அது மந்தமாகிவிடும். மூன்று நான்கு நாளில் கரையாத பிசினுக்குள் நார் உண்டாக்கும் செல்கள் ஏறும், அப்புறம் ரத்தக் குழாய் முளைக்கும். அதற்குப் பிறகு அது உடம்பின் ஒரு பாகம், கரையாது. தோல் காயம் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆறும் என்பது தெரிந்ததுதான். பெரிட்டோனியம் அப்படி ஆறுவதில்லை. முழுப் பரப்பிலும் ஒரே சமயத்தில் புதுச் செல்கள் வந்து இறங்குவதால் பெரிய காயமும் சின்னக் காயமும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஆறிவிடும். ஆக, ஒட்டுமா ஒட்டாதா என்பது ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்துக்குள் முடிவாகிவிடுகிற விஷயம். தொந்தரவு மட்டும் பத்து, இருபது வருஷம் கழித்தும் வரலாம்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தின் சர்ஜன் ஹெரால்ட் எல்லிஸ். பெரிட்டோனியத்தில் ஒரு துண்டு போய்விட்டால் ஓரங்களை இழுத்துப் பிடித்துத் தைத்து மூடுவதுதான் நல்லது என்று சர்ஜன்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் செய்து பார்த்ததில் தைக்காமல் விட்ட இடம் வழுவழுவென்று ஆறியது, இழுத்துத் தைத்த இடத்தில்தான் ஒட்டுதல் வந்தது. தையலின் இறுக்கத்தில் ரத்தம் கிடைக்காத திசு, பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் இழுப்பது மாதிரி, பக்கத்து உறுப்பிலிருந்து ரத்தம் வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாய்தான் ஒட்டுதல். அப்படியென்றால் ஒட்டுதல் எப்போதும் கெட்டதா? இல்லை. வெடித்த குடல்வாலைச் சுற்றி மூடி, சீழ் வயிறு முழுக்கப் பரவாமல் தடுப்பதும், வெட்டித் தைத்த குடல் ஒழுகாமல் காப்பதும் இதே ஒட்டுதல்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தடுப்புப் படலம் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

எல்லிஸும் அவருடன் வேலை செய்தவரும் 1990-இல் வெளியிட்ட கணக்கில், முன்பு வயிறு திறக்கப்பட்டு மறுபடி திறக்க நேர்ந்த 210 பேரில் 93 சதவீதம் பேருக்கு உள்ளே ஒட்டுதல் இருந்தது. முதல் தடவையாகத் திறக்கப்பட்டவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு இருந்தது. பழைய வீக்கமோ கிருமியோ காரணமாக இருக்கலாம். நம் ஊரில் வயிற்றுக் காசநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது குடலைக் கூட்டுப்புழு மாதிரி சுற்றிவிடும். ஆகவே "முதல் ஆபரேஷனில் யாராவது தப்பு செய்தார்களா" என்ற கேள்விக்கு என் பதில்: ஒட்டுதல் இருப்பது மட்டுமே தப்பு நடந்ததற்குச் சாட்சி ஆகாது. மிக நல்ல கைகளுக்கும் ஒட்டும். இடுப்புக்குழியில் செய்யும் ஆபரேஷன்களுக்கு, கர்ப்பப்பையும் பெருங்குடலும், இந்த விஷயத்தில் கெட்ட பெயர் கொஞ்சம் அதிகம்.

அதே சமயம், ஒட்டின எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. ஸ்காட்லாந்தில் 1986-இல் வயிற்றிலோ இடுப்பிலோ திறந்த ஆபரேஷன் செய்துகொண்ட கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றில் ஒருவர் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார், சராசரியாக இரண்டு தடவை. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்த மூன்றில் ஒன்று என்பதில் "ஒட்டுதலாகவும் இருக்கலாம்" என்ற ரகமும், "ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய வேறு ஆபரேஷன்" என்ற ரகமும் சேர்ந்திருக்கின்றன. நேரடியாக ஒட்டுதலால்தான் என்று வகைப்படுத்த முடிந்தவை அந்த மறு அட்மிஷன்களில் 5.7 சதவீதம். ஒட்டுதல் பற்றிப் பயமுறுத்தும் கட்டுரைகள் முதல் எண்ணைச் சொல்லும், இரண்டாவதை விட்டுவிடும்.

சரி, அம்மாவுக்கு வருவோம். இப்படிப்பட்ட அடைப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குடலின் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பது. வலி விட்டுவிட்டு முறுக்குவது நின்று ஒரே சீராக நிலைத்துவிட்டால், காய்ச்சல் வந்தால், நாடி வேகமாக ஓடினால், வயிறு பலகை மாதிரி இறுகினால், குடல் முறுக்கி ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். அங்கே யோசிக்க நேரமில்லை, சில மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். இதில் எந்த டாக்டருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அப்படி இல்லையென்றால் காத்திருக்கலாம்: வாய்வழி எதுவும் இல்லை, மூக்குக் குழாய், ட்ரிப்ஸ், உப்புச் சமநிலை. போலோக்னா வழிகாட்டி என்று சர்ஜன்கள் சொல்லும் நெறிமுறை இந்தக் காத்திருப்புக்கு 72 மணி நேரம் வரை இடம் கொடுக்கிறது. இடையில் காஸ்ட்ரோகிராஃபின் என்ற எக்ஸ்ரே மருந்தைக் குழாய் வழியாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலுக்கு வந்துவிட்டதா என்று படம் எடுப்பார்கள். வந்துவிட்டால் பெரும்பாலும் அடைப்பு தானாகவே விலகும். வரவில்லையென்றால் ஆபரேஷனை நோக்கிப் போக வேண்டியிருக்கும். காலை ரவுண்ட்ஸில் நாங்கள் எல்லோரும் "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதைப் பார்த்து உறவினர்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால் அன்றைக்கு என் காபி நன்றாக இருக்கும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. கத்தி வைக்காமல் சரியானவர்களில் ஒரு வருஷத்துக்குள் சுமார் 12 சதவீதம் பேர் மறுபடி அட்மிட் ஆகிறார்கள், ஐந்து வருஷத்தில் 20. ஆபரேஷன் செய்து பிரித்துவிட்டவர்களில் ஒரு வருஷத்தில் 8, ஐந்து வருஷத்தில் 16. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்த்த அளவு இல்லை. பிரிக்கிற கத்தரியும் அதே சவ்வைத்தான் உரிக்கிறது, உரிந்த இடத்தில் அதே பிசின்தான் கசிகிறது. இரண்டாவது டாக்டரின் கணக்கு இது. முதல் டாக்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த எண்கள் எல்லோரையும் சேர்த்த சராசரி. அடைப்பு திரும்பத் திரும்ப வரவர அடுத்தது வரும் வாய்ப்பும் கூடும், ஒரு வருஷத்தில் மூன்று என்பது சராசரி நோயாளி இல்லை. ஆக இருவரில் யாரும் உளறவில்லை. தீர்மானிக்க வேண்டியது அம்மாவின் வயிற்றில் இருப்பது ஒற்றை நாரா, ஒட்டுமொத்தமான கட்டா என்பதுதான்.

அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை இரண்டு வயிறுகளைச் சொன்னால் புரியும். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர். சின்ன வயதில் குடல்வால் எடுத்தவர், இருபது வருஷம் கழித்து நடுராத்திரியில் வந்தார். திறந்தால் செருப்பு வார் அகலத்தில் ஒரே ஒரு நார், குடலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி. அதன் கீழே இரண்டு சாண் குடல் நுழைந்து மாட்டி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கத்தரியால் ஒரே வெட்டு. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துண்டால் அந்தக் குடலைச் சுற்றிவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிஷத்தில் ஓரத்திலிருந்து சிவப்பு ஏறி, புழு மாதிரி ஒரு நெளிவு ஓடியது. துண்டை எடுத்துவிட்டு மூடினோம். இன்னொருவர், மூன்று ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. தழும்பைத் திறந்ததும் குடல் எது, வயிற்றுச் சுவர் எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழைய தழும்புக்கு மேலே, தொடாத இடத்தில் ஆரம்பித்து, சுருங்கின குடலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வந்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நாலரை மணி நேரம். இரண்டு இடத்தில் குடலை ஓட்டை போட்டேன். இரண்டையும் பார்த்துத் தைத்தேன், மூன்றாவது ஒன்று என் கண்ணில் படவில்லை. ஐந்தாம் நாள் தழும்பு வழியாக மலம் வந்தது. அந்த அம்மா ஆறு வாரம் வார்டில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ஐந்தாம் நாள் காலை கட்டைப் பிரித்தபோது அடித்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இது என் கைக்கு மட்டும் நடந்தது என்று சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. நெதர்லாந்தில் இப்படி மறுபடி திறந்த 270 வயிறுகளைக் கணக்கெடுத்ததில் ஐந்தில் ஒன்றில், சரியாகச் சொன்னால் 19 சதவீதத்தில், அறியாமல் குடல் ஓட்டையாகியிருக்கிறது. முந்தைய ஆபரேஷன்களின் எண்ணிக்கை ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆபரேஷன்தான் ஆகியிருக்கிறது என்பது அவர் பக்கத்தில் ஒரு நல்ல விஷயம்.

திறப்பதற்கு முன்னாலேயே இது தெரியாதா என்று கேட்பீர்கள். ஒட்டுதல் சி.டி. படத்தில் நேராகத் தெரியாது. ஒரு இடம் வரை குடல் வீங்கியும் அதற்கப்புறம் சுருங்கியும் இருந்தால் அங்கே மாட்டியிருக்கிறது என்று ஊகிப்போம். மூன்று அட்மிஷனிலும் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றிலும் அதே இடம் என்றால் முதல் டாக்டரின் பேச்சுக்கு எடை கூடுகிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டாமவர் சொல்வதைக் கேட்கவே நான் சாய்வேன். ஒற்றை நார் என்ற ஊகம் பலமாக இருந்தால், அனுபவமுள்ளவர் கையில் துளை வழியாகவும் (லேப்ராஸ்கோப்பி, சின்னத் துளைகள் போட்டுக் கேமராவில் பார்த்துச் செய்வது) செய்யலாம். பின்லாந்திலும் இத்தாலியிலும் நடந்த ஒரு ஒப்பீட்டில், கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குத் துளை முறையில் ஆஸ்பத்திரி நாள் ஒன்று சொச்சம் குறைந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் என்பதை அழுத்திப் படியுங்கள். வீங்கின குடல் வயிறு முழுக்க நிறைந்திருக்கும்போது குழாய் குத்துவது விஷப்பரீட்சை.

இடையில் இருக்கும் இழுவை வலி தனி விஷயம், அங்கே என் நிலம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஒட்டுதலுக்குள் நரம்பு இழைகள் வளர்கின்றன என்பது உண்மை. வலி அதனால்தான் என்பது உறுதியில்லை. 2003-இல் நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலியும் ஒட்டுதலும் இருந்த நூறு பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் துளை வழியாக உள்ளே பார்த்தார்கள், பாதிப் பேருக்கு மட்டும் ஒட்டுதலைப் பிரித்தார்கள். யாருக்குப் பிரித்தார்கள் என்பது நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வலி குறைந்தது. பிரித்த கூட்டத்தில் 57 சதவீதம் பேருக்கு, பிரிக்காத கூட்டத்தில் 42 சதவீதம் பேருக்கு. நம்பக்கூடிய வித்தியாசமாக அது தேறவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்தபோது பிரிக்கப்பட்டவர்கள் நிலைமை கொஞ்சம் மோசமாகவே இருந்தது. அதனால் வலிக்காக மட்டும் வயிற்றைத் திறக்க நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. அடைப்புக்காகத் திறந்தால் அது வேறு.

தடுப்புக்கு வருகிறேன். இந்தத் துறையில் மருந்து தேடிப் போய்த் தோற்ற கதை நிறைய உண்டு. ஸ்டீராய்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் போட்டுப் பார்த்தார்கள், தேறவில்லை. 1937-இல் நோபிள் என்ற அமெரிக்க சர்ஜன் ஒரு விசித்திரமான யோசனை வைத்திருந்தார்: ஒட்டத்தானே போகிறது, ஒழுங்காகவாவது ஒட்டட்டும் என்று குடல் சுருள்களைப் பாய் மடிப்பது மாதிரி வரிசையாக அடுக்கி ஒன்றோடொன்று தைத்துவிட்டார். யோசனை ரசிக்கும்படிதான் இருக்கிறது. குடலில் ஒழுகலும் தொடர்ந்த வலியும் வந்ததால் கைவிட்டுவிட்டார்கள். கையுறை மாட்ட வசதியாகப் போட்ட பவுடரும் இந்தக் கதையில் வில்லன். முதலில் டால்க், பிறகு மாவுப் பவுடர், இரண்டுமே வயிற்றுக்குள் உதிர்ந்து ஒட்டுதலைத் தூண்டின. அமெரிக்காவில் பவுடர் கையுறையைத் தடை செய்ய 2016 டிசம்பர் வரை ஆனது.

இன்றைக்குக் கையில் இருப்பது தடுப்புப் படலம். செப்ராஃபில்ம் 1996-இல் வந்தது. ஹயலுரோனிக் அமிலமும் செல்லுலோஸும் சேர்த்த ஒரு தாள். வயிற்றைத் தைக்கும் முன் குடலுக்கும் சுவருக்கும் நடுவே விரிப்பார்கள், அந்த முதல் வாரம் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுக் கரைந்துபோகும். ஈரக் கையுறை பட்டால் பொரித்த அப்பளத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி நைந்து சுருண்டு கையிலேயே ஒட்டிக்கொள்ளும், துளை வழியாகப் போடுவது பெரிய சள்ளை. வேலை செய்கிறதா என்றால், பெருங்குடல் எடுத்த 183 பேரிடம் நடந்த சோதனையில் தாள் போட்டவர்களில் 51 சதவீதம் பேருக்குத் தழும்படியில் ஒட்டுதலே இல்லை, போடாதவர்களில் 6 சதவீதம்தான் அப்படி. பிரமாதம். ஆனால் நோயாளிக்கு வேண்டியது ஒட்டுதல் குறைவது இல்லையே, அடைப்பு குறைவதுதானே? 2006-இல் 1,701 பேரிடம் பார்த்தபோது மொத்த அடைப்பு எண்ணிக்கை மாறவில்லை. ஆபரேஷன் தேவைப்பட்ட ஒட்டுதல் அடைப்பு மட்டும் 3.4-இலிருந்து 1.8 சதவீதமாகக் குறைந்தது. இன்னொன்று, குடலை வெட்டித் தைத்த இணைப்பைச் சுற்றி இந்தத் தாளைச் சுற்றினால் ஒழுகல் கூடுகிறது. முன்னால் சொன்னேனே, அந்த இணைப்பைக் காப்பதே ஒட்டுதல்தான் என்று, அதன் மறுபக்கம் இது. இன்டர்சீட் என்ற வலைத்துணி ரத்தக் கசிவு இருந்தால் பயன்படாது. அடெப்ட் என்ற திரவம் மகப்பேறு மருத்துவர்கள் துளை வழிச் சிகிச்சையில் ஊற்றிவிடுவது. இன்டர்ஜெல் என்று ஒன்று வந்து 2003-இல் சந்தையிலிருந்தே திரும்பிப் போய்விட்டது.

மருந்தைவிட நான் அதிகம் நம்புவது கையை. ஈரத் துணி, குறைவான இழுப்பு, ரத்தக் கசிவை முழுசாக நிறுத்துவது, தேவையில்லாத தையல் போடாதது, முடிக்கும் முன் உப்புநீரில் கழுவி, குடலுக்கும் தழும்புக்கும் நடுவே ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையை இழுத்து விரித்துவிடுவது. இதற்கெல்லாம் பில்லில் வரி இருக்காது. உங்கள் அக்காவின் பித்தப்பை ஆபரேஷன் அநேகமாகத் துளை முறையில்தான் நடக்கும். அதில் ஒட்டுதல் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, திறந்து செய்வதைவிடக் குறைவு. அவருக்காக இந்தக் காரணத்தால் பயப்பட வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மஞ்சள், எண்ணெய் தேய்ப்பு, எந்த மாத்திரையும் முற்றிப்போன ஒட்டுதலைக் கரைக்காது. அடைப்பு மாதிரி தெரிகிற நாளில் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்துவிடாதீர்கள், மூடின குழாய்க்குள் மோட்டார் போட்ட கதையாகிவிடும். சாப்பாட்டில் உறுதியான ஆதாரம் குறைவு, இருந்தாலும் நான் சொல்லி அனுப்புவது: முருங்கைக்காய்ச் சக்கையை விழுங்காமல் துப்புங்கள், ஆரஞ்சுச் சுளையைத் தோல் உரித்துச் சாப்பிடுங்கள், பலாவும் கொய்யாவும் கொஞ்சமாக, எதையும் நன்றாக மென்று. குறுகின இடத்தில் நார்ச் சக்கை போய் அடைத்துக்கொண்டதை நானே எடுத்திருக்கிறேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியோடு, ஆறு வருஷத்துக்கு முந்தைய கர்ப்பப்பை ஆபரேஷனின் குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும், இரண்டு மூன்று நடை ஆகலாம். அந்தக் குறிப்பில் குடலைத் தொட்டார்களா, சீழோ சாக்லெட் கட்டியோ (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கின கட்டி) இருந்ததா, அப்போதே ஒட்டுதல் இருந்ததா என்று எழுதியிருப்பார்கள். திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் சர்ஜனுக்கு இன்னொரு ஸ்கேனைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.